பன்னிரண்டு வர வேண்டும்

என் தம்பி மனைவியை மூன்று வருஷம் 'குக்கர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். முகத்துக்கு நேராக இல்லை. அவள் காது மெஷினைக் கழற்றி வைத்திருக்கும் நேரம் பார்த்து, முதுகுக்குப் பின்னால். இரண்டு காதுக்கும் பின்னால் ஒவ்வொரு மெஷின் மாட்டியிருப்பாள். யாராவது கட்டிப்பிடித்தாலோ தலையணையில் சாய்ந்தாலோ அது 'கீ...' என்று விசிலடிக்கும். அதனால் குக்கர். டிப்போவில் இதைச் சொல்லி நானே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது எழுதக் கூசுகிறது.

நான் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது, எல்லாம் என் நோட்டில் ஏறும். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் சிவப்பு மைதான். "மேடம், அஞ்சு நிமிஷம்தானே, விட்டுடுங்க" என்று டிரைவர்கள் கெஞ்சுவார்கள். "அஞ்சு நிமிஷத்துல என்ன வேணா நடக்கும், போய்யா" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குரல் அதைவிட நீளம்.

தம்பிக்கு லாரி ஓட்டுகிற வேலை. பத்து நாளைக்கு ஒரு முறை வீட்டில் தலை காட்டுவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், அவள், அவர்களுடைய ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. குழந்தையை 'வாண்டு' என்று கூப்பிடுவோம். பெயர் வைத்தபடியே நடந்துகொண்டாள்.

தம்பி மனைவிக்கு ஆறு வயதில் காது போயிற்று. அந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவாள். "காய்ச்சல் வந்துச்சுக்கா, போகும்போது காதையும் எடுத்துட்டுப் போயிருச்சு." அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டால் சிரிப்பாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஆறு முதல் இரண்டு மணி வரை. கட்டில் விரிப்பு, டாக்டர் கோட்டு, ஆபரேஷன் அங்கி என்று மலை மலையாக வரும். ஒரு பக்கம் நீராவி, ஒரு பக்கம் சூடான உருளை. காது மெஷினுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. மெஷினிலிருந்து காதுக்குள் போகும் மெல்லிய குழாயில் வியர்வை ஒரு சொட்டு நின்றாலும் போதும், சத்தம் அடைத்துவிடும். அவள் தலையில் பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்வாள். அடைத்தால் சட்டென்று கழற்றி, குழாயில் 'ஃபூ' என்று ஊதி, உதறி, மாட்டிக்கொள்வாள். அரை நிமிஷம் ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு ஒரு பூஜை உண்டு என்று கிண்டல் செய்வேன். காதுக்குள் போகும் அச்சைத் தனியாகக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுவாள். மெஷினில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. அதை உலர்ந்த துணியால் துடைப்பாள். சிவப்புப் புள்ளி வலது, நீலப் புள்ளி இடது. படுக்கப் போகும்போது பேட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் இரண்டையும் வைப்பாள். பேட்டரி மாற்றும்போதுதான் எனக்குப் பொறுமை போகும். முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் அதை உடனே உள்ளே போடமாட்டாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

"என்ன, ஜோசியம் பாக்கறியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மூச்சு விடட்டும்க்கா. காத்து பட்டாத்தான் இதுக்கு உசுரு. அவசரப்பட்டு மூடுனா சீக்கிரம் செத்துடும்."

வாண்டு தவழ ஆரம்பித்த நாளிலிருந்து இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. எண்ணுவது. அட்டைக்கு ஆறு பேட்டரி. இரண்டு அட்டை வாங்குவாள். செத்த பேட்டரியைத் திருகு மூடி போட்ட ஒரு தகர டப்பாவில் சேர்த்து, கட்டிலுக்கு மேலே அலமாரி உச்சியில் வைப்பாள். தினமும் வேலை விட்டு வந்ததும், காதில் இருப்பது, அட்டையில் இருப்பது, டப்பாவில் இருப்பது மூன்றையும் கூட்டுவாள். பன்னிரண்டு வர வேண்டும். வந்தால்தான் குழந்தையைத் தரையில் விடுவாள். "உலகத்துல யாரும் செத்த பேட்டரிக்கு வருகைப்பதிவு எடுக்க மாட்டாங்கம்மா" என்பேன். அவள் எண்ணிக்கொண்டே இருப்பாள்.

இவ்வளவு கவனமாக இருந்தவளை நான் நம்பவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நம்பப் பிடிக்கவில்லை. காது கேட்காதவள் குழந்தையை எப்படி வளர்ப்பாள்? படுக்கும்போது மெஷினைக் கழற்றிவிடுகிறாளே, குழந்தை அழுதால் யாருக்குக் கேட்கும்? வாண்டுவின் பாதத்தை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு தூங்குவாள். குழந்தை சிணுங்கி நான் எழுந்து போவதற்குள் அவள் உட்கார்ந்து மடியில் போட்டிருப்பாள். அதைப் பார்த்தும் என் மனது இறங்கவில்லை. எங்கள் கடைசித் தங்கை வேறு ஊரில் பெரிய வீட்டில் இருக்கிறாள். அங்கே ஐந்து வயது வரை குழந்தை வளரட்டும் என்று தம்பியை அரித்தேன். அவன் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் ஃபோனில் ஒரு நாள், "சரிக்கா, ஏதாவது ஒரு தப்பு நடந்துச்சுன்னா அப்பப் பாக்கலாம்" என்றான். அந்த ஒரு தப்புக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தம்பி வருவதாக இருந்தது. விடிகாலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இடது மெஷின் டிங் டிங் என்று எச்சரித்திருக்கிறது. பேட்டரியை மாற்றினாள். செத்ததைத் தகர டப்பாவின் மூடி மேல் வைத்தாள். டப்பாவைத் திறக்கப் போன நேரத்தில் வாண்டு கட்டிலிலிருந்து இறங்கக் காலை நீட்டியது. பாய்ந்து போய்த் தூக்கினாள். முதுகு என் பக்கம். மூடி மேல் பட்டாணி அளவுக்குப் பளபளவென்று அது உட்கார்ந்திருந்தது. எடுத்து என் கைப்பையின் சின்ன அறையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் நீட்ட வேண்டும். 'தரையில கிடந்துச்சுடா. குழந்தை வாயில போட்டிருந்தா?' இதுதான் திட்டம். தரையில் கிடக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தானே தெரியும். அவளோ டப்பாவில் போட்டுவிட்டதாகவே நினைத்து, அதை அலமாரி மேலே வைத்துவிட்டு ஓடினாள்.

காலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது நான். அவள் இரண்டரைக்கு வந்ததும் மூன்றரைக்கு நான் டிப்போவுக்குப் போவேன். அன்று மத்தியானம் தங்கைக்கு ஃபோன் போட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, "அத்தாட்சி கையில சிக்கிடுச்சுடி, குழந்தைக்குக் கட்டில் தயார் பண்ணி வை" என்று ஆரம்பித்தவள், ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துத் திரும்பினால், வாண்டு என் கைப்பையை நாற்காலியிலிருந்து இழுத்துக் கவிழ்த்துவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தது. சீப்பு, சாவி, கைக்குட்டை, பேனா, எல்லாம் கடை பரப்பிக் கிடந்தது. முதுகில் செல்லமாக ஒன்று வைத்துவிட்டு எல்லாவற்றையும் அள்ளிப் பைக்குள் திணித்தேன். சின்ன அறையைத் திறந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று இன்று வரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டே முக்காலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் எண்ண உட்கார்ந்தாள். நான் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். காதில் இரண்டு. அட்டையில் நாலு. டப்பாவில் ஐந்து. மறுபடி எண்ணினாள். டப்பாவைக் கவிழ்த்து விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"அக்கா, ஒண்ணு குறையுது."

நான் டீயை உறிஞ்சினேன்.

கட்டிலை இழுத்தாள். பாயை உதறினாள். தரையில் கன்னம் பதியப் படுத்து அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். தரையோடு அழுந்திய மெஷின் வீல் என்று கத்தியது. அவள் சட்டை செய்யவில்லை. எழுந்து வாண்டுவின் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். குழந்தை வீரிட்டது. தவிக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"நான் கிளம்பறேன்க்கா, ஆஸ்பத்திரிக்கு" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்பில் காலை விட்டபோதுதான் வாயைத் திறந்தேன். சரியாக இரண்டே முக்கால்.

"இரு, இரு. ஆர்ப்பாட்டம் பண்ணாத. காலையில நான்தான் எடுத்துப் பத்திரமா வெச்சேன். என் பையில இருக்கு."

அவளுக்கு உயிர் திரும்பியது. சிரித்தே விட்டாள். நான் பெருமையாகச் சின்ன அறையின் ஜிப்பை இழுத்தேன். ஜிப் ஏற்கெனவே திறந்திருந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை.

பையைக் கவிழ்த்தேன். சீப்பு, சாவி, கைக்குட்டை, பேனா. மடிப்பு மடிப்பாகப் பிதுக்கினேன். எனக்குக் காதெல்லாம் அடைத்துக்கொண்டது. "பாப்பா... பையைக் கவுத்துச்சு" என்று என் வாய் சொன்னது. அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான், படி இறங்கி ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். தெருமுனையில் ஒரு வாடகை வண்டியை மறித்து, டிப்போவில் போடும் சத்தத்தைவிட இரண்டு மடங்கு சத்தம் போட்டு ஏறினோம்.

அவள் வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் சின்ன வயது டாக்டர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப முழுங்குச்சு?" அவள் என் பக்கம் திரும்பினாள். நான் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். தங்கையோடு பேசியது ஒன்று பத்திலிருந்து ஒன்று முப்பத்தைந்து வரை. இருபத்தைந்து நிமிஷம். நோட்டில் எழுதுவது போல நேரத்தைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வயித்துல ஒண்ணும் இல்லம்மா. நெஞ்சுலயும் இல்ல. வீட்டுலயே எங்கயாவது உருண்டு கிடக்கும், நல்லாத் தேடிப் பாருங்க."

அப்பாடா! "வா, போகலாம்" என்று அவள் தோளைத் தொட்டேன். அவள் அசையவில்லை.

"இல்ல டாக்டர். பன்னெண்டு வரணும். பதினொண்ணுதான் வருது."

"வீட்டுல இருக்கும்னு சொல்றேனே..."

"வீட்டுல நான் பாத்துட்டேன்."

"ஏம்மா, டாக்டரே சொல்லிட்டாரு, நீ என்ன பெரிய இவளா?" என்று பல்லைக் கடித்தேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. அழுது ஓய்ந்து தோளில் கிடந்த குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் முந்தானை நுனியால் அதன் மூக்கைத் துடைத்து, துணியைப் பார்த்தாள். அதை டாக்டரிடம் நீட்டினாள்.

"ஒரு பக்கம் மட்டும் ஒழுகுது. கறுப்பா இருக்கு."

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. ஒரு விளக்கை எடுத்து மூக்குக்குள் அடித்தார். ஃபோனைத் தூக்கி மேல் மாடிக்குக் கூப்பிட்டார்.

அடுத்த கால் மணி நேரத்தை நான் எந்த நோட்டிலும் எழுதமாட்டேன். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு வயதான அம்மா. குழந்தையைத் துணியில் சுருட்டினார்கள். தலையை அவள் பிடித்தாள், காலை நான் பிடித்தேன். வாண்டு போட்ட சத்தத்தில் கட்டடமே அதிர்ந்தது. திமிறிய ஒரு கை துணியிலிருந்து வெளியே வந்து அவளுடைய வலது மெஷினைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. மெஷின் தரையில் விழுந்து உருண்டது. அவள் கண் அந்தப் பக்கம் போகவில்லை. இடது காதுக்குள்ளும் வியர்வை வழிந்து அடைத்திருக்க வேண்டும். டாக்டரம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டு, சொன்னபடி தலையைத் திருப்பிப் பிடித்தாள். ஒரு மெல்லிய கொக்கி உள்ளே போயிற்று. இரண்டாம் தடவை வெளியே வந்தபோது அதன் நுனியில், கறுத்துப்போய், அது இருந்தது.

"செத்த பேட்டரிதானே டாக்டர்?" என்று கேட்டேன். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு.

"மெஷினுக்குத்தாம்மா அது செத்தது. மூக்கைப் புண்ணாக்க மிச்சம் இருக்கறதே போதும். லேசா வெந்திருக்கு, மருந்துல ஆறிடும். இன்னிக்கு ராத்திரி வரைக்கும் விட்டிருந்தீங்கன்னா நடுச்சுவர்ல ஓட்டை விழுந்திருக்கும். நல்ல வேளை. யார் கவனிச்சது?"

அவளுக்குக் கேட்கவில்லை. குழந்தையை மார்போடு சேர்த்து வைத்திருந்தாள்.

"அவ" என்றேன்.

வெளியே நடையில் ஒரு மர பெஞ்சு. இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வாண்டு அவள் தோளில் தூங்கிவிட்டது. கீழே விழுந்த மெஷினை நான்தான் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். இடதையும் கழற்றி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையாலேயே துடைத்தாள், குழாயில் ஊதினாள். பிறகு என் பக்கம் திரும்பி, தனக்கே கேட்காத குரலில் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்:

"நீங்க நல்லதுக்குத்தானேக்கா எடுத்து வெச்சீங்க. மனசுல வெச்சுக்காதீங்க. மூடி மேலயே விட்டுட்டுப் போனது என் தப்புதான்."

ஐயோ, அவள் என்னைத் திட்டியிருக்கலாம். கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் மறுபடி குனிந்து வலது மெஷினின் மூடியைத் திறந்து, தீர்ந்துபோயிருந்த பேட்டரியை எடுத்துத் தன் பையில் போட்டாள். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தேன். அத்தாட்சிக்காக எடுத்ததைச் சொன்னேன். தரையில் கிடந்ததாகப் பொய் சொல்ல இருந்ததைச் சொன்னேன். டீ குடித்த ஐந்து நிமிஷத்தைச் சொன்னேன். குழந்தையை அனுப்பிவிடத் திட்டம் போட்டதைச் சொன்னேன். எல்லாம் சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசானது. அவளுக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். சொன்ன மாதிரியும் ஆயிற்று, கேட்காத மாதிரியும் ஆயிற்று என்று ஒரு அற்ப நிம்மதி.

அவள் நிமிர்ந்தாள்.

"ஏதோ பேசுனீங்க. பெஞ்சுல அதிருச்சு. இருங்க."

பையிலிருந்து அட்டையை எடுத்தாள். ஒரு பேட்டரியைப் பிதுக்கி, நகத்தால் ஸ்டிக்கரை உரித்தாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடையின் கோடியில் ஒரு கடிகாரம் இருந்தது. நொடி முள் சுற்றியது. எத்தனை ஆயிரம் நிமிஷங்களை நோட்டில் எழுதியிருக்கிறேன், ஒரு நிமிஷம் இத்தனை நீளம் என்று எனக்குத் தெரியாது. 'ஒண்ணும் இல்ல, சும்மா' என்று சொல்லிவிடலாம். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். எழுந்து தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று போய்விடலாம். முள் பாதி தாண்டியது. வாண்டு தூக்கத்தில் விம்மியது. அவள் உள்ளங்கையை மூடாமல் வைத்திருந்தாள்.

முள் மேலே வந்ததும் பேட்டரியைப் போட்டு, மூடியை அழுத்தி, மெஷினைக் காதில் மாட்டினாள். அச்சை விரலால் அழுத்திச் சரி செய்தாள்.

"இப்பச் சொல்லுங்கக்கா."

சொன்னேன். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. பாதியில் குரல் உடைந்து அழுதேன். ஆனால் ஒன்றையும் விடவில்லை. அவள் குழந்தையை என் பக்கத் தோளிலிருந்து அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அதை மட்டும்தான் செய்தாள்.

"அஞ்சு நிமிஷமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"ஞாயித்துக்கிழமை அவர்கிட்டயும் இதை நீங்களே சொல்லணும். நான் பக்கத்துல இருப்பேன், ரெண்டு மெஷினும் போட்டுக்கிட்டு."

ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். தம்பி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. குழந்தையை ஊருக்கு அனுப்பும் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவள் வாண்டுவைத் தன்னோடு தூக்கிக்கொண்டு போகிறாள். ஆஸ்பத்திரியிலேயே ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்கிறது. காலையில் வீடு வெறிச்சென்று இருக்கும். அவர்கள் வரும் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டிப்போவில் சிவப்பு மையால் எழுதும்போது கை ஒரு கணம் நிற்கிறது, பிறகு எழுதுகிறேன்.

இப்போதும் தினமும் எண்ணுகிறாள். நானும் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். பன்னிரண்டு வந்ததும் டப்பாவை மூடி, மேலே வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் எழுந்து என் கைப்பையை எடுத்து வந்து, ஒவ்வொரு அறையாக ஜிப்பைத் திறந்து அவள் முன்னால் கவிழ்த்துக் காட்டுவேன். அவள் கேட்டதில்லை. நானாகத்தான் காட்டுகிறேன். அதற்கு அப்புறம்தான் அவள் குழந்தையைத் தரையில் விடுகிறாள்.